மற்றப் பாதி

அக்கா,

கொடியில் மதுராவின் வெள்ளைச் சீருடை காய்கிறது. காய்கிறது என்பதுகூடப் பொய்தான். மஹய்யாவில் காலையிலிருந்து மழை வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. நானும் அதை எடுப்பதும் போடுவதுமாக இருக்கிறேன். மறுபடி அலசியும் புதுத்துணியின் கஞ்சி வாசம் போகவில்லை. நாளைக்கு உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். உங்களிடம் கேட்காமல் அவள் விஷயத்தில் எதுவும் நடந்ததில்லை, இது மட்டும் நடக்கிறது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, பாதியில் வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் உங்களால் வந்ததுதான். மதுராவும் என் மகள் நிலாவும் ஒரே வகுப்பில் இருந்தார்கள், நமக்குப் பழக்கமானதே அப்படித்தான். பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் பாடமெல்லாம் போனில் வந்தது. ஒருநாள் மதுரா போனைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்க, என்ன எழுதுகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். "தெரியாதம்மா, ரீச்சர் எழுதி அனுப்பச் சொன்னவ" என்றாளாம். அன்று மாலையே எனக்கு அழைப்பு. "இனி நாங்களே படிப்பிப்பம்." நீங்கள் கம்பஸில் தமிழ் படித்தவர். நான் இங்கே ஒரு சின்ன முன்பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன், அதையும் மூடியாகிவிட்டது. பள்ளி திறக்கும்வரைதானே என்று சரி சொன்னேன். பள்ளி திறந்தது. நீங்கள் அனுப்பவில்லை. நானும் புத்தி கெட்டுப் போய், உங்கள் பின்னாலேயே வந்தேன்.

குண்டசாலையில் உங்கள் சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. நானும் நிலாவும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவோம். பழைய காலத்து முறைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். முதலில் மனப்பாடம், பிறகு வாதம், கடைசியில்தான் மேடைப் பேச்சு. பொருள் விளங்காத நிகண்டுப் பாட்டுகளைப் பிள்ளைகள் கத்திக் கத்தி ஒப்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு எதுதான் பொறுத்திருக்கிறது?

"வெளங்காம எதுக்குக்கா மனப்பாடம்? கிளியா இதுங்க?" என்று மேசையிலேயே கேட்டுவிட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "நீர் முதல்ல என்ர பக்கத்தைச் சொல்லும். பிறகு சண்டை பிடியும்" என்றீர்கள்.

அதுதான் உங்கள் வகுப்பின் ஒரே சட்டம். அந்தக் காலத்து வாதங்களில் எதிராளியின் பக்கத்தை முதலில் நிறுத்திவிட்டுத்தான் தன் பக்கத்தைத் தொடங்குவார்களாம். அதுவும், அந்த எதிராளியே "ஓம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளுமளவுக்குச் சொல்ல வேண்டும். அவர் ஓம் சொல்லும்வரை உனக்கு வாய் கிடையாது. நான் உங்கள் பக்கத்தைச் சொன்னேன். "இல்லை" என்றீர்கள். இன்னொரு மாதிரிச் சொன்னேன். "இல்லை, அது பாதிதான்." பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில், "சின்ன வயசுல மனசு எடம் குடுக்கும். அர்த்தம் பெறகு வர்றப்ப தங்குறதுக்கு ஒரு வீடு வேணும்ல, அதை இப்பவே கட்டி வைக்கிறீங்க" என்றேன்.

"ஓம், அதுதான். இப்ப சொல்லும், ஏன் வேண்டாம்?"

கோபம் எங்கேயோ போயிருந்தது. அது போனதற்கும் சேர்த்து உங்கள்மேல் எரிச்சல் வந்தது. "உம்மட ஆமாவுக்கு எங்கட ஓமின்ர கனம் வராது" என்று என்னைச் சீண்டியதும் அன்றைக்குத்தான்.

பிள்ளை ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று கேட்டுக் கிராம சேவகர் வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்களை முந்திக்கொண்டு மதுரா போய் அவர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சில வீடுகளில் பிள்ளைகளைப் படிக்கவிடாமல் கடை வேலைக்கு அனுப்புகிறார்கள், வெளியே நின்று பார்த்தால் எந்த வீடு என்று தெரியாது, அதனால் நீங்கள் எல்லா வீட்டிலும் கேட்கத்தான் வேண்டும், அதுதானே அங்கிள், என்று சிங்களத்தில் அவர் பக்கத்தை எடுத்துச் சொன்னாள். அவர் பிளேன்டீயை வைத்துவிட்டு, "ஹரி, ஏக தமய்" என்றார். சிங்களத்திலும் உங்கள் ஓம் கிடைத்துவிட்டது! மனுசன் போகும்போது அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். நீங்கள் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

அதே பிள்ளைதான் அதே மேசையில் ஒருநாள் உங்கள் முன்னால் வந்து நின்றாள். "அம்மா, நான் பள்ளிக்கூடம் போக விரும்புறன்." சொல்லிவிட்டு, சட்டப்படி உங்கள் பக்கத்தைத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் சோதினைக்குத்தான் படிப்பிக்கும். நினைக்கிறதுக்கு நேரம் தராது. அம்மா கட்டின வீட்டுக்கு இன்னும் கூரை போடேல்ல, பாதியில விட்டால் நனைஞ்சுபோகும். இதற்கு மேல் யார் என்ன சொல்லிவிட முடியும்?

நீங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பாதிதான்" என்றீர்கள். "மற்றப் பாதியைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வா."

அவள் கொண்டுவந்தாள், திரும்பத் திரும்பக் கொண்டுவந்தாள். பஸ்ஸில், மாடிப்படியில், பாத்திரம் கழுவும் இடத்தில். ஒவ்வொரு தடவையும் நீங்கள் "பாதிதான்" என்றீர்கள். அப்போதே உங்கள் முகம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பிறகு ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி விறாந்தையில் என் தோளைப் பிடித்து நடந்துவந்த நீங்கள் நின்று சொன்னீர்கள்: "அவள் முதல் நாளே முழுசாச் சொல்லிப்போட்டாள். நான் ஓம் எண்டு சொன்னால் அவள் போயிடுவாள். என்ர வருத்தம் சுகமாகாது எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

அதை அவளிடம் சொல்லு என்று என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அதோடு ஒரேயடியாகப் போய்விட்டீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது அக்கா. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுவிட்டு, சொந்தப் பிள்ளையிடம் மட்டும் அதை ஏமாற்றலாமா?

அவளுடைய அப்பாவுக்கு இப்போது நாவலப்பிட்டியில் வேலை. அதனால் மதுரா எங்களோடுதான். அவர்தான் அலைந்து பள்ளியில் இடம் வாங்கினார். அவள் ஆசைப்பட்டது கிடைத்திருக்கிறது, ஆனால் முகத்தில் ஒரு துளி சந்தோசம் இல்லை. நேற்று என்னிடம் வந்தாள். "அன்ரி, மற்றப் பாதி என்ன? அதைச் சொல்லாமல் நான் எப்பிடிப் போறது? அம்மா ஓம் சொல்லேல்லயே." நாளைக்குச் சொல்றேன்மா என்று தப்பித்தேன். இன்று காலையிலிருந்து கையில் துணியோடு என் பின்னாலேயே நிற்கிறாள். சொன்னால் அந்தப் பாரத்தை வாழ்க்கை முழுக்கச் சுமப்பாளோ? சொல்லாவிட்டால் வாசல்படியிலேயே நின்றுவிடுவாளோ? கூப்பிடுகிறாள். சோறும் அடிப்பிடித்துவிட்டது. வருகிறேன்.

மீதியை இன்று, திங்கட்கிழமை, எழுதுகிறேன்.

நேற்று மாலை சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டே சொல்லிவிட்டேன். "நீ சொன்னது மொத நாளே முழுசா சரிதான்மா. மத்தப் பாதின்னு ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குச் சுகமில்லாம இருந்துச்சு, ஒன்னைய விட மனசில்ல. அவ்ளோதான்."

அழுவாள் என்று நினைத்தேன். காலரின் மடிப்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். "அதை அம்மா சொல்லியிருந்தால் நான் பிறகு பள்ளிக்கூடம் போகக் கேட்டே இருக்கமாட்டன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அதனால்தான் நீங்கள் சொல்லவில்லை. பிடித்து வைத்திருக்கவும் ஆசை, ஆனால் நோய் என்ற அந்தக் கயிற்றால் கட்டிவைக்க மனம் வரவில்லை. ஓம் சொல்லாமல் இழுத்தடித்தீர்கள், காரணத்தையும் சொல்லாமல் விட்டீர்கள். நான் இத்தனை நாளும் உங்கள் பக்கத்தில் பாதியை வைத்துக்கொண்டுதான் கோபப்பட்டிருக்கிறேன்.

இன்று காலை பள்ளிவரை நடந்தே போனோம். கேட்டுக்கு வெளியே மதுரா நின்றுவிட்டாள். பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அங்கேயே நின்று உங்கள் பக்கத்தைச் சொன்னாள், வீடு, கூரை, நனைவது எல்லாவற்றையும். கடைசியில், "மற்றது, என்னை விட்டிட்டு இருக்க அம்மாவால ஏலாது. ஆனால் அதைச் சொல்லி என்னை மறிக்கவும் விருப்பமில்லை." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக் காத்து நின்றாள். உள்ளே மணி அடித்தது. அவள் அசையவில்லை. யாராவது சொல்லத்தானே வேண்டும்? ஆமா என்று சொல்ல வாயெடுத்தேன், அது போதாது என்று பட்டது.

"ஓம், அதுதான்" என்றேன். பிறந்து வளர்ந்து இதுவரைக்கும் என் வாயில் வராத சொல்.

"போயிட்டு வாறன் அன்ரி" என்று உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததும் நல்லதுதான்.

நிலாவுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசையில்லை. கொள்கை ஒன்றுமில்லை, விடிய எழும்ப வேண்டுமே என்பதுதான். ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பை நான் எப்படி நடத்துவேன் என்று தெரியவில்லை. மேசையில் பாட்டை ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள், நடுவில் ஓர் அடியை விழுங்கிவிட்டாள். எழுந்து போய்த் திருத்த வேண்டும்.

உங்கள் பக்கத்தை முழுசாகச் சொல்லிவிட்டேன் அக்கா. சட்டப்படி இனி என் பக்கம். அது சின்னதுதான். எனக்கும் உங்களை விட மனசில்லை.