நான்கு மில்லிமீட்டர் தாழ்த்திய கூரை

அக். 6, ஞாயிறு

காலையிலிருந்து மேகமூட்டம். மலை பாதிதான் தெரிகிறது. துணி காயாது. அதைவிட முக்கியம், பெயின்ட் காயாது.

வீட்டுப் பெயின்ட் அல்ல. வேங்கிக்காலில் எங்கள் தெருவிலேயே கிரகப்பிரவேசத்தன்று அடித்த வெள்ளையோடு நிற்கும் ஒரே வீடு எங்களுடையது. இது காருக்கு. என் கணவர் செல்வத்திடம் (இனி செ.) பதினான்கு அமெரிக்கக் கார்கள். எல்லாம் ஹால் அலமாரியில். ஒன்றுகூட சாண் நீளம் வராது. அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வேலைக்குப் போவது ஸ்கூட்டரில். கார் ஓட்டத் தெரியாது, கற்கும் உத்தேசமும் இல்லை.

தொழில்: பல் செட் செய்யும் லேப். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் முறுக்கு கடிக்கிறார்கள். ஒருவருக்கும் இவர் முகம் தெரியாது.

பதினைந்தாவது கார் எட்டு மாதமாக மேஜையில்; டப்பாவில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் கிட். 1932 மாடல், இரண்டு கதவு. இந்த வகைக்கு ஹாட் ராட் என்று பெயர். அந்தக் காலத்து அமெரிக்க இளவட்டங்கள் பழைய காரின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, பெரிய இன்ஜினைத் திணித்து, கூரையைத் தாழ்த்தி, போலீஸ்காரர் கண்ணில் படும்படி ஓட்டினார்கள். செ. அதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே செய்கிறார். ஓட்டும் பகுதி மட்டும் இல்லை.

அடுத்த ஞாயிறு சென்னையில் மாடல் கண்காட்சி. போன வருடமும் போனோம். பஸ்ஸில் பெட்டி இவர் மடியில். அரங்கத்தை ஒரு சுற்று சுற்றினார். "எல்லாம் பெரிய ஆளுங்க" என்றார். பெட்டியைத் திறக்கவேயில்லை. தயிர் சாதம் சாப்பிட்டுத் திரும்பினோம்.

இன்று சொன்னது: "இந்த தடவையும் வண்டிய வெளிய எடுத்து வெக்கலன்னா, பிரிக்காத கிட் டப்பாவெல்லாம் யாருக்காச்சும் குடுத்துடறேன். போதும்."

சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அக். 8, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் ஆயுத பூஜைக்காக ஒட்டடை அடிப்பு. வருடத்தில் இன்று ஒருநாள்தான் எல்லாப் புத்தகங்களும் கைமாறுகின்றன. தும்மல்.

காரின் கூரை பற்றி எழுதி வைக்க வேண்டும், மறந்துவிடுவேன். தாழ்த்தியது நான்கு மில்லிமீட்டர். அசல் காரில் நான்கு அங்குலம். கேட்க எளிது. ஜன்னல் தூண்கள் சாய்வாக இருப்பதால், அறுத்து இறக்கியதும் மேல்பாதி கீழ்பாதியோடு பொருந்துவதில்லை. கூரையை நடுவில் வெட்டி நீட்ட வேண்டும். நீட்டினால் வளைவு கெடுகிறது. வளைவைச் சரிசெய்ய இரண்டு மாதம். விரலால் தடவிப் பார்த்தேன், எங்கே வெட்டினார் என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். அப்போதும் தெரியவில்லை.

மற்றவை:
— இன்ஜினில் எட்டு ஒயர்: செத்த சார்ஜரின் செம்பு இழை.
— தரைவிரிப்பு: என் கம்மல் டப்பாவின் வெல்வெட், பிளேடால் மழித்தது. அனுமதி கேட்கவில்லை.
— பின்விளக்கு: எதில் செய்தார் என்று தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறார். வீட்டில் வேறென்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா: "உங்க வீட்டுக்காரர் பொம்ம செய்யறாராமே?" ஆமாம் என்றேன். விளக்கினால் இன்னும் மோசமாகும்.

அக். 10, வியாழன்

கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை, செ.வின் அம்மா. பூஜைக்காக ஒரு பூசணிக்காய், ஒரு கூடை எலுமிச்சை. பஸ்ஸில் பூசணிக்கு சீட் கிடைத்ததாம், அத்தைக்குத்தான் கிடைக்கவில்லை.

கார் முடிந்தது. கருநீலம். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னாடா கூரைய இம்மாம் எறக்கிட்ட? உள்ள குந்தறவனுக்கு தல இடிக்காதா?"

"சீட்டையும் எறக்கிட்டேன்மா."

"அப்ப ரோடு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு?"

"பார்க்க நல்லாருக்கும்."

அத்தை இன்னொரு சுற்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். செ.வுக்குக் காது சிவந்தது. இந்தக் கலையைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் இல்லை.

அக். 11, வெள்ளி. ஆயுத பூஜை

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் பொட்டு வைத்தவை: ஸ்கூட்டர், கிரைண்டர், மிக்ஸி, செ.வின் இடுக்கிகள், அரம், என் புத்தக அலமாரி, வை-ஃபை பெட்டி. வை-ஃபை இன்று நன்றாக வேலை செய்தது.

செ. குளிக்கப் போனார். ஸ்கூட்டரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி முடித்துவிட்டு அத்தை உள்ளே வந்தார். "புது வண்டி, ஞாயித்துக்கெழம வெளியூர் எடுத்துனு போறீங்க. பூஜ போடாமயா?"

காரைத் தாம்பாளத்தில் வைத்து பானட்டில் சந்தனம், குங்குமம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். கூடையைத் துழாவி இருப்பதிலேயே சின்னப் பழத்தைத் தேடியெடுத்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நீட்டினேன். செ. வந்ததும் எப்படிச் சொல்லிச் சிரிப்பது என்று வாக்கியம்கூடத் தயார்.

அத்தை பழத்தை முன்சக்கரத்தின் கீழ் வைத்தார். "முருகா" என்று கூரைமேல் கை வைத்து அழுத்தினார்.

அப்பளம் உடையும் சத்தம்கூட இல்லை. அதைவிடச் சின்னது. முன் அச்சு இரண்டு துண்டு. ஒரு சக்கரம் சோபாவுக்கு அடியில். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கணக்குப் போட்டால், அசல் அளவில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் எலுமிச்சை. எந்தக் காரும் ஏறியிருக்காது. நூலகத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவளுக்கு இது பிறகுதான் தோன்றுகிறது.

செ. துண்டோடு வந்து நின்றார். அத்தை முந்திக்கொண்டார். "நான்தான்டா வெச்சேன். கலா சமையக்கட்டுல இருந்தா."

பொய். நான் பக்கத்தில் நின்றேன்.

அவர் மண்டியிட்டுச் சக்கரத்தை எடுத்தார்.

"ஏன்டா, இம்மாம் லேசாவா பண்ணுவ?"

"நெசக் கார் இல்லம்மா."

"நெசம் இல்லன்னா எட்டு மாசமா என்னாத்த பண்ண?"

செ. எழுந்தார். காரைத் துடைக்காமலே பெட்டியில் வைத்து மூடினார். "ஞாயித்துக்கெழம போவ வேணாம்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பொரி, சுண்டல் அப்படியே கிடக்கிறது.

அக். 12, சனி

மழை. அத்தை மாடியில் துணி எடுக்கப் போன நேரம் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பழத்த நான்தாங்க எடுத்துக் குடுத்தேன்."

"தெரியும்."

"அத்தை சொன்னாங்களா?"

"அம்மா எடுத்திருந்தா இருக்கறதுலயே பெருசா எடுத்திருப்பாங்க. இது தேடி எடுத்தது."

பதினேழு வருடம் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன். கூட இருப்பவர் எதையும் கவனிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"சிரிக்கத்தான குடுத்த?"

"ஆமா."

"சிரிப்பாத்தான் இருந்திருக்கும்." பிறகு: "என்னயும் கூப்பிட்டிருக்கலாம்."

இதற்கு அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கேட்டேன்: "பல்லுக்குக் கட்டற கம்பி இருக்குதில்ல? அதுல அச்சு பண்ண முடியாதா?" எனக்குத் தெரியாத விஷயம். பேச்சு நிற்கக் கூடாதே என்று கேட்டது. எழுந்து ஜன்னலில் மழையைப் பார்த்தார். பிறகு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு லேபுக்குப் போய்க் கம்பியோடு வந்தார்.

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை. கம்பியை வளைத்து, அளந்து, அராவி, மறுபடி வளைத்து. ஐந்து முறை தூக்கிப்போட்டார். ஐந்திலும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆறாவது நின்றது. நான் டார்ச் பிடித்தேன், பானட்டின் சந்தனத்தை ஈரப் பஞ்சால் துடைத்தேன். அத்தை காபி கொண்டுவந்து, மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றே நீட்டினார்.

நாலு சக்கரமும் தரையில் பட்டன. இடுக்கியை வைத்துவிட்டு மூச்சு விட்டார். நானும்.

நாளைக்குப் போகிறோமா? கேட்கவில்லை.

அக். 13, ஞாயிறு. சென்னை

அரங்க நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவரே எழுப்பினார், அதிகாலை பஸ். பெட்டி மடியில். அத்தை வரவில்லை, வாசல்வரை வந்து வழியனுப்பினார், எதையும் தொடவில்லை.

முதல் நாற்பது நிமிடம் பெட்டி மூடியே இருந்தது. எங்களுக்கென்று மேஜையில் ஓரிடம், ஒரு வெள்ளை அட்டை. எதிரே விமானங்கள், டாங்கிகள், ஒரு தீயணைப்பு வண்டி. எல்லாம் நன்றாக இருக்கின்றன. "எல்லாம் பெரிய ஆளுங்க" என்றார். என்னிடம் மூன்று பதில் இருந்தது, மூன்றும் கிண்டல். சொல்லவில்லை.

பக்கத்து மேஜைக்காரர், பேன்ட் பாக்கெட்டைத் தடவியபடி: "சார், பசை வெச்சிருக்கீங்களா? கண்ணாடி வுழுந்துடுச்சு." அவருடைய லாரியின் சைடு கண்ணாடி, அரிசி அளவு. பசையும் இடுக்கியும் பெட்டிக்குள். திறக்க வேண்டியதாயிற்று. செ. ஒட்டிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது நாலு பேர் எங்கள் பெட்டிக்குள் குனிந்திருந்தார்கள். மூட முடியவில்லை. காரைத் தூக்கி மேஜையில் வைத்தார். அட்டையில் பெயர் எழுதினார்.

நடுவர், டார்ச்சோடு. கூரையைப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், தரையில் உட்கார்ந்தே பார்த்தார். "எங்க சார் வெட்டுனீங்க?" செ. காட்டினார். பிறகு முன்பக்கம். "இது கிட்ல வர்ற அச்சு இல்லயே. இம்மாம் மெலிசா எப்படி?"

"ஸ்டீல் கம்பிங்க. பழசு ஒடஞ்சிடுச்சு."

"எப்படி?"

செ. என்னைப் பார்த்தார். "எலுமிச்சம்பழத்துல ஏத்தனோம்."

நடுவர் சிரிக்கவில்லை. "புது வண்டியாச்சே" என்று ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

முடிவு சொல்ல ஐந்து மணி ஆகுமாம். நாங்கள் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்புவதாக இருந்தது. இரண்டேகால் ஆகிறது. செ. யாரோ இரண்டு பேருக்குத் தூண் சாய்வைக் கைகளால் விளக்கிக்கொண்டிருக்கிறார், சத்தமாக. பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். திரும்பாமலே சொன்னார்:

"நீ உக்காரு கலா. அடுத்த பஸ்ஸுல போலாம்."