உன் காருக்கு டயர் தேர்ந்தெடுத்த விவரம்

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை
முற்பகல் 10.20 மணி
கடிதம் எண் 57
பொருள்: காரின் நான்கு டயர்கள் பற்றியும், காரை விற்பது பற்றியும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் குறையின்றி இருக்கிறோம். அவளுடைய முழங்கால் மாடிப்படியில் மட்டும் முனகுகிறது, மற்ற இடங்களில் வாய் திறப்பதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதிய அளவு உறங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் நவம்பர் 3 அன்று கிடைத்தது. நீ அதில் தேதி போடவில்லை. அக்டோபர் 21 என்பதை உறையின் மேலிருந்த அஞ்சல் முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அங்கேயே நிரந்தர வேலை உறுதியாகிவிட்டதால் உன் ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிடலாம் என்றும், அதற்கு முன் விலை குறைந்த டயர்களாகப் பார்த்து மாட்டிவிட்டால் போதும், வாங்க வருகிறவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தால் சரி என்றும் எழுதியிருந்தாய். வேலை உறுதியானதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் பகுதியை அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். விற்பது பற்றிய பகுதியை ஒருமுறை கேட்டதும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பழைய டயர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போனதிலிருந்து இந்த நான்கு ஆண்டுகளும், ஒரே இடத்தில் அழுந்தி அவை தட்டையாகிவிடக் கூடாது என்று, ஞாயிறுதோறும் நானும் அம்மாவும் காரை ஒரு வாரம் ஒரு முழம் முன்னேயும் மறுவாரம் ஒரு முழம் பின்னேயும் தள்ளி நிறுத்தி வந்தோம். மாதம் ஒருமுறை உன் அண்ணன் வந்து இன்ஜினை மட்டும் சற்று நேரம் ஓடவிட்டுப் போவான். ஆகவே டயரில் தேய்மானம் இல்லை. உன் அண்ணன்கூடத் தொலைபேசியில், டயர் பட்டன் எல்லாம் தேயாம அப்படியே இருக்கே அப்பா, எதுக்கு மாத்தணும் என்றான். ஆனால் மருத்துவமனை மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்த்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். தேதி எங்கே ஒளிந்திருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு வளையத்துக்குள் 2317 என்றிருந்தது. 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அழுத்திப் பார்த்தால் விறகுக்கட்டை போலிருக்கிறது, ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் வேறு.

நவம்பர் 5, புதன்கிழமை, டயர்க் கடைக்குப் போனேன். அளவில் பிழை நேரக்கூடாது என்று, முன் சக்கரத்தில் 225/40 R18 என்றிருந்ததை மூன்று முறை ஒப்பிட்டுச் சரிபார்த்து ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றேன். கடைக்காரர் நல்ல மனிதர், வாய் சற்று நீளம். தாளைப் பார்த்துவிட்டு, இது முன்னாடிக்கு சார், பின்னாடிக்கு எங்க என்று கேட்டார். நான்கும் ஒன்றுதானே என்றேன். இது என்ன தள்ளுவண்டியா சார், இந்த மாதிரி காருக்குப் பின் டயர் அகலமா இருக்கும் என்று சிரித்தார். நான்கு ஆண்டுகள் பின்னாலிருந்து தள்ளிய எனக்கு அது தெரியவில்லை. காத்து நிரப்பி மெதுவா வந்தா ரெண்டு தெரு தாங்கும், காரையே கொண்டு வந்துடுங்க என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை அவரிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காரை ஓட்டிவர உன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பலாம் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில், அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி மருந்து வேன் ஓட்டினவ நான், நீங்க போய் கேட்டைத் திறங்க என்றாள். அவளுடைய ஓட்டுநர் உரிமம் 2028 மார்ச் வரை செல்லுபடியாகும் என்பதைப் பார்த்த பின்பே திறந்தேன். அந்த இருக்கையில் அமர்வது தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவது போலிருக்கிறது. முழங்கால் என்ன சொல்லுமோ என்று பயந்தேன், அது ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனை வரை நான் மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே போனேன். பின்னாடி மருந்து பாட்டில் எதுவும் இல்லைல்ல, பேசாம வாங்க என்றாள்.

கடைக்காரர் மூன்று வகைகளை எடுத்து வைத்தார். முதலாவது நீ சொன்ன விலை குறைந்த வகை, செய்து மூன்றாண்டாகிறது. இரண்டாவது உன் பழைய டயர்கள் புதிதில் இருந்ததைப் போன்றே மென்மையான பந்தய வகை, உலர்ந்த சாலையில் பிடித்துக்கொள்ளும், மழையில் கையை விரித்துவிடும். மூன்றாவது சாலைக்கானது, நீரை வெளியே தள்ள ஆழமான பள்ளங்கள் உடையது. யார் ஓட்டப் போறாங்க, எப்படி ஓட்டுவாங்க, அதைச் சொல்லுங்க சார், அப்புறம்தான் டயர் என்றார் அவர். விற்கப்போகிறோம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டு, நான்தான் ஓட்டப் போறேன், மழையிலயும் ஓட்டுவேன் என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் டயரின் தேதியைப் பார்த்தேன்.

மூன்றாவது வகையையே மாட்டினோம். பின் சக்கரங்களுக்கு 255/35 R18. நான்கிலும் 2825 என்றிருக்கிறது, அதாவது இவ்வாண்டு ஜூலை. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். டயருக்குப் பிறந்தநாள் பாக்குற முதல் ஆள் நீங்கதான் சார் என்றார் கடைக்காரர். விற்பதாகவே இருந்தாலும் முதல் வகையை நான் மாட்டியிருக்க மாட்டேன் மகளே. வாங்குகிறவரும் ஒரு வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்ப வேண்டியவர்தானே.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகு அம்மா உடனே இறங்கவில்லை. வேலை அங்கேதான்னு ஆயிடுச்சு, அவ நல்லா இருக்கட்டும், ஆனா இந்த இடம் காலியாக் கிடந்தா தினமும் நான்தானே பார்க்கணும் என்றாள். கார் உன்னுடையது. விற்கத்தான் வேண்டும் என்று நீ எழுதினால் மறுபேச்சின்றி விற்றுத் தருவேன். ஆனால் இந்த டயர்களுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஆறு ஆண்டுகள், 2031 ஜூலை வரை. அதுவரை விற்காமல் வைத்திருக்கலாமா? இதை அம்மா கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன்.

நீ அங்கே ஏறும் வண்டிகளின் டயர் எண்ணையும் ஒருமுறை குனிந்து பார். கடிதத்தில் தேதி போட மறவாதே. எடுத்த காரியம் யாவும் கைகூடி, நீடு நலமுடன் வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா

இணைப்பு:
1. பின் டயரின் தேதி தெரியும் புகைப்படம்.
2. அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் புகைப்படம் (கடைக்காரர் எடுத்தது, என் தோள் மட்டும் விழுந்திருக்கிறது).
3. கார்ச் சாவி ஒன்று. இன்னொன்று அம்மாவிடம் இருக்கிறது. கேட்டேன், தரவில்லை.