வடிகாலில் வந்த மீன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

இங்கே ஊருக்குள் கடல் வராமல் சுவர் கட்டுகிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பௌர்ணமியன்று கடல் ஏறியது. சுவர் அசையவில்லை, ஆனால் தெரு வடிகாலில் ஒரு மீன் துள்ளியது! மழைநீரை வெளியே விட்டு, கடல்நீரைத் தடுக்கவேண்டிய வடிகால்வாய் மூடியை நான்தான் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

"கடலுக்கே கதவைத் திறந்து விட்டுட்டியேம்மா!" என்று மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். கணுக்கால் அளவுதான் தண்ணீர், பயப்படாதீர்கள். அன்றே சரிசெய்துவிட்டேன். அந்த மீன் எத்தனை வளைவு தாண்டி வந்திருக்கும் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

நம் வாசல் வடிகாலும் கடலுக்குத்தானே போகிறது? அடுத்த பௌர்ணமிக்குக் கடல் ஏறும் நேரத்தில் அதில் ஒரு காகிதத் துண்டைப் போட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. காகிதம் வீட்டுப் பக்கம் வந்தால் உடனே கூப்பிடுங்கள். கடல் பக்கம் போனாலும் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்