நீங்கள் வெட்டச் சொன்ன இடங்கள்

அன்புள்ள அக்கா,

நீங்கள் கண்மூடிய பிறகு முதல்முறையாக இன்று காலை உங்கள் மகள் கடைக்கு வந்து, உங்கள் பழைய டிஸ்கை மேசைமேல் வைத்தாள். கவரைப் பிரித்ததும் லேசாக ராகி வாசனை வந்தது. "ஏனுங்க மாமா, இதுல எங்கம்மா எங்கயுமே இல்லீங்களே," என்றாள். ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களை வெட்டியவன் நான்தானே.

தொண்ணூறுகளின் கடைசி. ஒண்டிக்கடை முக்கில் என் வீடியோ கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மகளின் கல்யாண கேசட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு செம்மநத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்தீர்கள். மலைப்பனிக்கு எல்லார் கேசட்டிலும் வெள்ளைப் பூஞ்சை ஏறும். உங்களுடையதை ராகி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்ததால் பூஞ்சை குறைவு, ராகிதான் அதிகம். பிரஷ்ஷால் தட்டத் தட்ட உதிர்ந்துகொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த வருடமே உங்கள் வீட்டுக்காரர் போய்விட்டார். அவர் நடப்பதும் பேசுவதும் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருந்தன.

மூன்று மணி நேரப் படம். முழுத் தெளிவோடு என்றால் ஒரு டிஸ்கில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கொள்ளும். உங்களுக்கோ எல்லாம் ஒரே டிஸ்கில் வேண்டும். மாற்றிப் போடத் தெரியாது என்றீர்கள். "நாப்பது சதவீதம் வச்சுச் சுருக்கிடலாங்க," என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

"ஏனுங்க, நாப்பதுங்கறது போறதுங்களா, மிச்சமாகறதுங்களா? காப்பிப் பழத்தக் காயப்போட்டா நாங்க மிச்சத்தத்தான் சொல்லுவோம்."

"போறதுதாங்க," என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மறுநாள் போட்டுக் காட்டினேன். கேமராவுக்குப் பக்கத்தில் தெரிந்த மணமக்கள் சுமாராக இருந்தார்கள். பந்தியில் ஓடியாடிக்கொண்டிருந்த உங்கள் வீட்டுக்காரர் முகம் மட்டும் கட்டம் கட்டமாகக் கலைந்து கிடந்தது. "இவருக்கு மூக்கு எங்கீங்க?" என்று கேட்டீர்கள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். உங்கள் குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் திரையை ஒழுங்காகப் படித்தேன். நாற்பது என்றால் மிச்சம் நாற்பது. அறுபது பங்கைக் கழித்திருக்கிறேன். சுருக்கினால் நேரம் குறையாது, ஆளும் குறையமாட்டார்; தூரத்தில் அசைகிறவர் முகம்தான் முதலில் போகும். உங்கள் வீட்டுக்காரர் மூக்கைப் பலி கொடுத்துத்தான் இந்த வித்தை எனக்குப் புரிந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "சுருக்கறதே வேண்டாங்க. வேண்டாததத் தூக்கிப் போடுங்க, அவரு முழுசா இருக்கட்டும்."

மத்தியானம் முழுக்க வெட்டினோம். மேடைக்கு வரிசையில் நின்றவர்கள் போனார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் நீளமான வாழ்த்துரை போனது. அப்போது இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அப்படியும் சில நிமிடம் அதிகமாக இருந்தது.

"என்னைய எடுத்துருங்க," என்றீர்கள். "நாந்தான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறனே, எனக்கெதுக்குப் படம்?"

மறுத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னது நியாயமாகப் பட்டது, வெட்டிவிட்டேன். அந்த கேசட்டையும் பின்னாளில் பூஞ்சை தின்றுவிட்டது.

இதையெல்லாம் இன்று உங்கள் மகளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்றாள். பந்தி வந்தது. உங்கள் வீட்டுக்காரர் முழு மூக்கோடு, கையில் சாம்பார் வாளியோடு நின்றார். கேமராவுக்கு வெளியே யாரையோ பார்த்துக் கத்தினார்: "ஏ புள்ள, நீ உண்டயா?"

"நீங்க மொதல்ல உண்ணுங்க. எனக்கு நொம்ப வேல கெடக்குது!"

உங்கள் குரல், அக்கா. முகம் தெரிந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி வெட்டினோம். குரலைப் பற்றி இருவருக்கும் தோன்றவே இல்லை. உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொருக்கா போடுங்க மாமா." நாலாவது முறை போட்டபோது அழுகை நின்று சிரித்துவிட்டாள். "அம்மா இப்படித்தான் எப்பவும் வெரட்டும்!"

அந்த மத்தியானத்துக்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களிடம் சதவீதம் பேசுவதற்கு முன், "இதுல உங்களுக்கு யாரு வேணுங்க?" என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. தன்னை வெட்டச் சொல்கிறவர்கள் பேச்சை மட்டும் இனிமேல் கேட்பதாக இல்லை.

நீங்கள் பேசும் அந்த இடத்தைத் தனியாக எடுத்து மகளிடம் கொடுத்தேன். எடுக்கும்போது கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் என்று கேட்டது. நூறு போட்டேன்.