அப்பாவின் சவரக்கத்தி

அன்புள்ள தம்பி,

"அப்பா கடைசியா என்னக்கா சொன்னாரு?" என்று அன்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தார்.

பழைய குடும்பப் பகையில் சிஃபிஸ் சுட்ட குண்டு வயிற்றில் பாய்ந்த பிறகும் அப்பா சமையலறை மேசைமேல் ஒரு மணி நேரம் உயிரோடிருந்தார். பிதுங்கிய குடலை நான் மேசைத்துணியால் அழுத்திக்கொண்டிருந்தேன். "என் சவரக்கத்தியை தம்பிகிட்ட குடும்மா. தாடி வளர்க்க வேணாம்னு சொல்லு. இது என்னோட முடியட்டும்," என்றார்.

நம் கிரீட் தீவின் மலையில் தகப்பனுக்காகப் பழிவாங்கும்வரை மகன் முகம் மழிப்பதில்லை. அடக்கம் முடிந்ததுமே ஸ்ட்ராதிஸ் சித்தப்பா உன் முகவாயைப் பிடித்து, "இதுல சோப்பு நுரையைப் பாத்தேன், உனக்குப் பாவாடை தெச்சுக் குடுத்துருவேன்டா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டதாக நினைக்காதே. என் நகக்கண்ணில் அப்பாவின் ரத்தம் இருந்தது. உனக்கு ஆட்டுக்குட்டியை அறுக்கக்கூட மனம் வராது என்று தெரியும். ஆனாலும் சிஃபிஸ் சாக வேண்டும் என்று உன்னைவிட நான்தான் விரும்பினேன். அலமாரி நிறையப் புத்தகம் படித்தவள், அப்பா உனக்கென்று விட்டுப்போன ஒரே வார்த்தையை மறைத்தேன்.

நாற்பதாம் நாள், ஒளிந்திருந்த இடத்திலிருந்து இறங்கி வந்த சிஃபிஸை ஆலிவ் செக்கு வாசலில் வைத்து முகத்தில் இரண்டு முறை சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாய். மழிக்க வேண்டும் என்றாய். நான் வெந்நீர் வைத்து, அப்பாவின் சவரக்கத்தியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கன்னம் முடிவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

உன் அக்கா