சூடான தரையில் வைத்த கள்ளி

அன்பு மகன் தேகிலுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நாரே எழுதுகிறாள். நாங்கள் இருவரும் இந்தக் குளிரையும் தாண்டிக்கொண்டிருக்கிறோம். டொராண்டோவில் நீயும் மருமகளும் பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். என் வலது கை இன்னும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, கரண்டி பிடித்தால் சூப்பில் பாதி மடியில்தான். என்னைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்ட நாரே இந்த வருடம் கிம்ச்சி ஊறுகாய்க்கு முப்பது முட்டைக்கோஸை ஒற்றை ஆளாக உப்பில் போட்டாள், உப்பு கூடிப்போயிற்று. மேல் வீட்டு சுன்ரே ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "என்னடி பொண்ணே, கடலையே நறுக்கிப் போட்டுட்டியா" என்று கேட்டாள். இவள் காது சிவந்து சமையலறைக்குள் ஒளிந்துகொண்டாள். பதினேழு வயதாகியும் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியவில்லை. இதையும் எழுது என்றேன், எழுதியிருக்கிறாள்.

போன மாதம் நீ தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினாய், அதில் எட்டு நிமிடம் கள்ளியைப் பற்றி. நீ பிறப்பதற்கு முந்தின வருடம் உன் அப்பா கைப்பிடி அளவில் வாங்கி வந்தது, முப்பத்துநாலு வருடம் பால்கனியில் ஒரே மூலையில் இருந்து சோற்றுப்பானை அளவுக்கு உருண்டிருந்தது. அவர் இருந்தவரை சின்னத் தூரிகையால் முள்முள்ளாகத் தூசி தட்டுவார். "அப்பா ஞாபகமா எனக்கு அது ஒண்ணு போதும்மா, பத்திரமா வெச்சிரு, புத்தாண்டுக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்றாய். அதை விமானத்தில் ஏற்ற ஆறு மாதம் அலைந்து அனுமதிக் காகிதம் வாங்கியிருக்கிறாய், வெயில் விழும் ஜன்னலையும் ஒழித்து வைத்திருக்கிறாய். எனக்கு முதியோர் இல்லத்துப் படிவம் அனுப்பியிருக்கிறாய், கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையை வைத்து அனுப்பினால் வீட்டை விற்றுவிடலாம் என்று. நாரேக்கு எங்கே இடம் என்று கேட்டதற்கு, "சின்னப் பொண்ணுதானே, எங்கயாவது வேலைக்குப் போயிடுவா" என்றாய். நான் முத்திரை வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை.

குளிர்காலத்தில் கள்ளியை எப்படி வைக்க வேண்டும் என்று நீ எழுதியதை நாரே எனக்குப் படித்துக் காட்டினாள். குளிரிலேயே கிடக்கட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாதே, கிட்டப் போகாதே, அப்போதுதான் நூறு வருடம் இருக்கும் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, நீ வந்து பார்க்காத இந்த நாலு வருடமாக என்னையும் நீ அப்படித்தானே வைத்திருக்கிறாய். மறுநாள் நாரேயிடம், அண்ணன் மறுபடி பேசினான், இந்த வருடம் குளிர் அதிகம், உள்ளே எடுத்து வைக்கச் சொன்னான் என்று பொய் சொன்னேன். அவள் தூக்க முடியாமல் தூக்கி வந்து உள்ளறையில், அடியில் கணப்புச் சூடு ஓடித் தரை நன்றாகச் சுடும் இடத்தில், விருந்தாளியை உட்காரவைக்கும் இடத்தில் வைத்தாள். அவள் காலையில் கடைக்குப் போனதும் அரிசி கழுவிய தண்ணீரை ஒரு கிண்ணம் ஊற்றுவேன். நாற்பது நாள் ஊற்றினேன். முதலில் உப்பிப் பளபளத்தது, பிறகு அடியில் மஞ்சளித்தது, பிறகு புளித்த வாடை. ஒரு நாள் ஒருபக்கமாகச் சாய்ந்தது, விரலை வைத்தேன், உள்ளே போயிற்று. சூட்டருகே வைத்துத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து நாரே மூன்று நாள் சாப்பிடவில்லை. "நீதான் கொன்னே, அண்ணன்கிட்ட நீயே சொல்லிக்கோ" என்று நானும் சொல்லிவிட்டேன்.

இதைச் சொல்லும்போது பேனா நின்றுவிட்டது. "அப்போ நான் இல்லையாம்மா?" என்று கேட்டாள். "நீ இல்லை, நான்தான். எழுது" என்றேன். தலை குனிந்து எழுதுகிறாள். நல்ல பெண், என்னை விட்டு எங்கேயும் போகமாட்டாள்.

ஆகவே புத்தாண்டுக்கு வருவதானால் வா, கொண்டுபோக இங்கே ஒன்றும் இல்லை. அப்பாவின் திதி பன்னிரண்டாம் தேதி, மறக்காமல் மண்டியிட்டு வணங்கு. மருமகள் கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ எனக்கு எப்படி இருக்கிறாயோ அப்படியே உன் பிள்ளை உனக்கு இருக்க மனதார வாழ்த்துகிறேன். கை வராததால் நாரே என் முத்திரையை வைப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா ஓக்புன்

அண்ணா, இது நாரே. முத்திரை கையில் இருந்தபோதே நீ அனுப்பிய இல்லத்துப் படிவத்திலும் வைத்துவிட்டேன், இதோடு இருக்கிறது. அம்மாவுக்குக் கிட்டத்து எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கப்பல் கட்டும் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு வேலையும் தங்க இடமும் தருகிறார்கள், ஒன்றாம் தேதி போகிறேன். அதற்குள் அம்மாவை இல்லத்துக்கு அழைத்துப்போக ஆள் அனுப்பு. இன்னும் என்னடி எழுதுறே என்று அம்மா கேட்கிறாள். விலாசம் என்றேன். ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரித்து என் பக்கம் தள்ளுகிறாள்.