ஏழு சுற்றுக் கைமுறுக்கு

இன்று அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே புதுப்புதுக் கோலங்கள் விரியும் ஃபிராக்டல் படங்களை வரைகிற நம் பழைய புரோகிராமை அதில் ஏற்றி, படத்தின் ஓரத்தில் மவுஸால் ஒரு சின்னக் கட்டம் போட்டேன். கையை எடுப்பதற்குள் கட்டத்துக்குள் இருந்தது திரை முழுக்க விரிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றிய பிறகுதான், நீ இல்லாமல் மூன்று வருஷம் ஆகிவிட்டது உறைத்தது.

புனே பக்கம் நிக்டியில் நாம் ஒரே அறையில் இருந்தபோது, ஒரு கட்டம் விரிய முக்கால் மணி நேரம் பிடிக்கும். வியாழக்கிழமை நம் கம்பெனிக்கு வார விடுமுறை. கட்டம் போட்டுவிட்டுச் சோறு வடிப்போம். ரசம் கொதிக்கையில் பாதிப் படம் வந்திருக்கும். எனக்கு ஏது பொறுமை? திரை கறுப்பாக வந்தால் உடனே பின்னால் போகும் பட்டனைத் தேடுவேன். நீ கையைத் தட்டிவிடுவாய்.

"இருடா, கணக்குப் போடற தடவையக் கூட்டு. அது பாதியிலயே சலிச்சுப்போயி கறுப்பப் பூசி வெச்சிருக்குது."

ஐந்நூறை ஐயாயிரம் ஆக்குவாய். கறுப்புக்குள்ளிருந்து சுருள் சுருளாக ஏதாவது கிளம்பும். அப்போது உன் அலட்டலைப் பார்க்கச் சகிக்காது.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தக் கைமுறுக்கு. ஏழு சுற்று, நடுவில் ஒரு பொட்டு. "பொட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு வந்து பாக்கோணும். சேவ் பண்ணி வை" என்று சொல்லிவிட்டுப் பெண் பார்க்கக் கோயமுத்தூருக்கு ரயில் ஏறினாய். அந்தப் புரோகிராமில் படத்தைச் சேமிப்பது தனி, அது இருக்கும் இடத்தின் எண்களைச் சேமிப்பது தனி. நான் படத்தை மட்டும் சேமித்தேன். ஊரின் போட்டோ இருக்கிறது, விலாசம் இல்லை என்கிற கதை. நிச்சயம் முடித்துத் திரும்பிய உனக்கு முறுக்கு நினைவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வருஷங்கள் கழித்து, சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தபோது நீயாகவே கேட்டாய். "அந்தப் பொட்டுக்குள்ள நாம போகவே இல்லியேடா. கொண்டா, பாக்கலாம்."

ஹிஞ்சேவாடி வேலைக்கு நாலு நாள் லீவு போட்டு, படத்தின் ஓரமெல்லாம் கட்டம் போட்டுத் தேடினேன். கடைசியில் அதைப்போலவே இன்னொரு முறுக்கு அகப்பட்டது. அதை உன் கட்டிலுக்குக் கொண்டுவந்து, "இதுதான்டா" என்றேன்.

நீ திரையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"ஆமாண்டா, இதேதான். உள்ள போ."

நீயே கட்டம் போட்டாய். பொட்டுக்குள் இன்னும் குட்டிக் குட்டி முறுக்குகள். நீ வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தாய். இரண்டு வாரத்தில் போய்விட்டாய்.

போன மாதம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக உன் மனைவி சொன்னாள்: "அது வேற எடம்னு அவருக்கு அன்னைக்கே தெரியுங்கண்ணா. ஒரு சுத்து கொறையுதுன்னாரு. 'லீவு போட்டுத் தேடியிருக்கறான், நீ எதும் கேட்டுக்காத'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டாரு."

பொய் சொன்னது நான். அது கலையாமல் பார்த்துக்கொண்டது நீ. "விலாசத்தைத் தொலைத்தவன் நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லி, உன் வாயால் நாலு திட்டு வாங்கியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதற்குக்கூட விடாமல் போய்விட்டாயே, அந்தக் கோபம்தான்டா எனக்கு இன்னும் ஆறவில்லை.